முப்பது எண்ணும் வரை ரோடா கையைத் தூக்கவில்லை

ரோடா கிம்பிரெல் பிறந்த அன்றே மருத்துவச்சியின் கட்டைவிரலைக் கடித்துவிட்டாள் என்பது ஹாக்ஃபுட் ஓடைக்கரையில் எல்லோருக்கும் தெரிந்த சங்கதி. பல் முளைக்காத குழந்தை எப்படிக் கடிக்கும் என்று வெளியூர்க்காரர்கள் கேட்பார்கள். அவர்கள் ரோடாவைப் பார்த்ததில்லை, அவ்வளவுதான். அந்த மருத்துவச்சி சாகிறவரை ஊசியில் நூல் கோக்க முடியாமல் அவதிப்பட்டதை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

ஆள் ஆறடி. தோள் இரண்டும் எங்கள் ஊர்க் கதவுகளுக்கு அடங்காது. ஒருக்களித்துத்தான் உள்ளே வருவாள். மூக்கு மூன்று முறை உடைந்தது. முதலில் உடைத்தது ஒரு கன்றுக்குட்டி. அதை அந்த வருடக் கிறிஸ்துமஸுக்கே தின்று முடித்தார்கள். அடுத்தது, நடனக் கொட்டகையில் ஒரு நிலக்கரிச் சுரங்கத்துக்காரன். அவனைத் தின்னவில்லை, ஆனால் அதற்குப் பிறகு அவன் எதையும் மென்று தின்றதில்லை. மூன்றாவது முறை, விளையாட்டில் அவள் வீசிய பிளாஸ்டிக் வட்டு ஹிக்கரி மரத்தில் மோதித் திரும்பிவந்து உடைத்தது. அவள் அந்த மரத்தை ஒரு குத்து விட்டாள். மறு வருடமே மரம் பட்டுப்போயிற்று. இடி விழுந்ததனால்தான் பட்டது என்று சிலர் சாதிக்கிறார்கள். சாதிக்கட்டும்.

வேலை, பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டுவது. எங்கள் கென்டக்கி மலைச்சரிவில் பேருந்துக்கு எட்டாத வீடு உண்டு, ரோடாவுக்கு எட்டாத வீடு கிடையாது. பனி கொட்டுகிற நாளில் பிள்ளைகளை இரண்டு கக்கத்திலும் இடுக்கிக்கொண்டு மேடேறுவாள். ஒருநாள் குடிகாரத் தகப்பன் ஒருவன், டயர் கழற்றும் இரும்புக் கம்பியோடு பேருந்தில் ஏறி, பெற்ற மகளை அடிக்க ஓங்கினான். ரோடா வண்டியை நிறுத்தவில்லை. ஒரு கையால் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு மறு கையால் அவனைக் கதவு வழியே வெளியே போட்டாள். இடுப்பெலும்பு, மூன்று விலா, ஒரு முழங்கை. அவன் விழுந்த இடத்தில் இன்றைக்கும் புல் முளைப்பதில்லை.

நீதிபதி தாட்சண்யம் பார்க்கவில்லை. இனி எவர் மேலாவது கை வைத்தால் ஆறு மாதம் உள்ளே என்றார். பேருந்துச் சாவியையும் அத்தோடு மறந்துவிட வேண்டியதுதான் என்றார். ரோடா வெளியே வந்து, நீதிமன்றப் படியில் உட்கார்ந்து, தன் இரண்டு கைகளையும் அடுத்தவர் கைகளைப் பார்ப்பதுபோல வெகுநேரம் பார்த்தாள்.

ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒன்றுதான் அவளை நிதானத்தில் வைத்திருந்தது. ஓடையை ஒட்டிய காட்டுக்குள் நாங்களே போட்டுக்கொண்ட வட்டு கோல்ஃப் தடம் அது. சங்கிலி தொங்கும் கூடை, சிமென்ட் மேடை என்ற பவிசெல்லாம் கிடையாது. வெள்ளம் கொண்டுவந்து போட்ட துருப்பிடித்த சலவை இயந்திரம்தான் முதல் இலக்கு. மற்றதெல்லாம் மரங்கள். பேருந்துக்கு அடித்து மிஞ்சிய மஞ்சள் சாயத்தில் ரோடா அவற்றின் இடுப்பில் ஒரு வளையம் போட்டுவைத்திருந்தாள். கையகல பிளாஸ்டிக் வட்டை வீசி, விழுந்த இடத்திலிருந்து மறுபடி வீசி, குறைந்த வீச்சில் மரத்தைத் தொட வேண்டும்.

சட்டங்கள் ரோடா போட்டவை. வட்டோடு வந்தவன் எவனாக இருந்தாலும் விரட்டக் கூடாது. இலக்குக்கு எவன் வட்டு தூரத்தில் கிடக்கிறதோ அவன்தான் முதலில் வீச வேண்டும். அதுவரை மற்றவர்கள் அவனுக்குப் பின்னால் நிற்க வேண்டும். முன்னால் போய் நின்று அடிபட்டால் அது அவன் தலையெழுத்து. வீச வேண்டியவன் குறி பார்க்கிறேன் பேர்வழி என்று நின்றுகொண்டே இருந்தால் யாராவது சத்தமாக முப்பது எண்ணலாம்; எண்ணி முடிந்தால் அவன் முறை போயிற்று. இந்தச் சட்டங்களை நாங்கள் மதித்த அளவுக்கு பத்துக் கட்டளைகளை மதித்திருந்தால் எங்கள் பாதிரியாருக்கு வேலை குறைந்திருக்கும்.

ரோடாவின் தங்கை நேவா. அக்காவின் பாதி உயரம், கால்வாசிக் குரல். லைல் பாஸ்கம் என்ற மரம் அறுப்பவனைக் கட்டிக்கொண்டாள். அவன் நாய்க்குக் கொடுத்த மிச்சத்தை அவளுக்குக் கொடுப்பான். அடியை மட்டும் முதலில் அவளுக்குக் கொடுப்பான். அந்த இலையுதிர் காலத்தில் நேவா வலது கையில் மாவுக்கட்டோடு ரோடாவின் டிரெய்லர் வீட்டுக்கு வந்து சேர்ந்தாள். படியில் விழுந்துவிட்டேன் என்றாள். மருத்துவரிடமும் அதையே சொன்னாள், மாவட்டப் போலீஸ் ஷெரீப்பின் ஆளிடமும் அதையே சொன்னாள். லைல் வீட்டுக்குப் படியே கிடையாது.

லைல் முட்டாளல்ல. ரோடா வீட்டில் இருக்கிறவரை நேவாவைத் தொட முடியாது என்று அவனுக்குத் தெரியும். ரோடா சிறைக்குப் போனால் டிரெய்லரின் கதவு ஓர் உதைக்குத் தாங்காது என்பதும் தெரியும். ஆகவே அவன் செய்ய வேண்டியதெல்லாம், சாட்சிகள் முன்னால் ரோடாவிடம் ஓர் அடி வாங்குவது. அடி வாங்குவது அவனுக்குப் பெரிய விஷயமல்ல. கொடுத்துப் பழகியவனுக்கு அதன் விலை தெரியாது.

அந்த ஞாயிற்றுக்கிழமை அவன் வட்டோடு வந்து நின்றான். விரட்டக் கூடாது என்பது ரோடாவின் சொந்தச் சட்டம். சவப்பெட்டி செய்கிற ஹோபர்ட்தான் எங்களில் மூத்தவர். அவர் ரோடாவின் காதருகே போய் இன்றைக்கு ஆட்டம் வேண்டாம், வீட்டுக்குப் போய்விடு என்று கெஞ்சினார். நேவாவைத் தனியாக வீட்டில் விட பயந்து அவளையும் கூட்டி வந்திருந்தாள் ரோடா. நான் போனால் இவன் பின்னாலேயே வருவான், இங்கே நாலு கண்ணாவது இருக்கிறது என்று சொல்லிவிட்டாள்.

முதல் இலக்கில் அவள் காலருகே துப்பினான். அடுத்ததில் அவள் வட்டை மிதித்துச் சேற்றில் அழுத்தினான். சிகமோர் மரத்தடியில், போகிறபோக்கில் என்பதுபோல முழங்கையால் அவள் விலாவில் இடித்தான். ரோடா வாங்கிக்கொண்டாள். கழுத்து மட்டும் செங்கல் நிறமாகிக்கொண்டே வந்தது. அவள் நின்ற இடத்தில் ஈர இலை பொசுங்கிப் புகை வந்ததாக ஹோபர்ட் பின்னால் சொன்னார். பனிமூட்டம் என்று நினைக்கிறேன். ஆனால் சத்தியம் செய்ய மாட்டேன்.

ஓடை வளைகிற இடத்தில் பெரிய பீச் மரம். எல்லோரும் ஒரு தடவை வீசி முடித்தோம். ரோடாவின் வட்டு வேரில் பட்டு உருண்டு எல்லாவற்றுக்கும் பின்னால் போய்க் கிடந்தது. முறை அவளுடையது. அவள் வட்டை எடுத்துக்கொண்டு நின்றாள். மற்றவர்கள் சட்டப்படி பின்னால் நின்றோம். லைல் மட்டும் அவள் பக்கத்தில் போய், முகத்துக்கு நேரே மூச்சு படும்படி நின்றான்.

"வீசுடி. உன் தங்கச்சி கையை நான் முறிச்ச வேகத்துல வீசு," என்றான் மெதுவாக.

ரோடா அசையவில்லை. வீசினால் கை எங்கே போகும் என்று அவளுக்கே தெரியவில்லை, அதனால்தான் நின்றாள்.

"சரி, எண்ணுறேன்," என்று சொல்லிவிட்டு லைல் சத்தமாக எண்ண ஆரம்பித்தான். பத்து வந்ததும் அவள் கன்னத்தில் அறைந்தான். துப்பாக்கி வெடித்ததுபோல ஓடைக்கு அப்பாலிருந்து எதிரொலி வந்தது. ஹோபர்ட் பாய்ந்தார். ரோடா தலையை மட்டும் ஆட்டி அவரை நிறுத்தினாள். இருபது வந்ததும் முஷ்டியால் அடித்தான். உதடு கிழிந்து, முகவாயிலிருந்து இரத்தம் சொட்டியது. முப்பதுக்குக் கண்ணில் குத்தினான். ரோடா ஒரு முழங்காலில் விழுந்து, மறுபடி எழுந்தாள். இரண்டு கைகளும் தொடையோடு ஒட்டியபடியே இருந்தன. நேவா கட்டுப் போட்ட கையை வாயில் வைத்துக் கடித்துக்கொண்டிருந்தாள்.

"முப்பது. உன் முறை போச்சு," என்று சொல்லிவிட்டு லைல் தன் வட்டை நோக்கி முன்னால் நடந்தான்.

அவன் முதுகைப் பார்த்ததும் ரோடா வீசினாள்.

அப்படி ஒரு வீச்சை நான் அதற்கு முன்பும் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை. வட்டு போன பாதையில் மரத்து இலைகளெல்லாம் ஒரு பக்கமாகச் சாய்ந்தன. லைலின் காதை உரசிக்கொண்டு போய், பீச் மரத்தின் மஞ்சள் வளையத்தில் அறைந்தது. அவன் எவன் வீசியது என்று திரும்பிப் பார்க்காமல் எங்கே பட்டது என்று மரத்தைப் பார்த்தான், ஆட்டக்காரனின் புத்தி. மரத்திலிருந்து திரும்பிய வட்டு அவன் வாயில் இறங்கியது. முன்பற்கள் சோளம் உதிர்ந்ததுபோல உதிர்ந்தன. ஒரு பல்லை அடுத்த வசந்தத்தில் ஒரு மைல் தள்ளி ஒரு மீனின் வயிற்றிலிருந்து எடுத்தார்கள்.

அவன் உருண்டு புரண்டான்; ஆனால் சிரித்துக்கொண்டே புரண்டான். ஏனென்றால் சண்டை நடக்கப்போகிறது என்று அன்று காலையே ஷெரீப் அலுவலகத்துக்குச் சொல்லிவைத்திருந்தான். அவன் எழுந்து உட்காருவதற்குள் ஷெரீப்பின் ஆளான ஆரின் டாக்கெட் கரையோரமாக நடந்து வந்துவிட்டான். சின்ன வயதில் ரோடாவின் பேருந்தில் போனவன். வியாழக்கிழமைகளில் அவனும் இதே தடத்தில் வட்டு வீசுகிறவன்.

ஆரின் எல்லோரையும் ஒரு சுற்றுப் பார்த்தான். ரோடாவின் முகத்தில் கொஞ்சம் கூடுதலாகவே பார்த்தான்.

"மிஸ் ரோடா, எங்க குறி வச்சீங்க?"

மரத்துக்கு என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும். சொல் சொல் என்று நாங்கள் எல்லோரும் மனதுக்குள் வேண்டினோம். ஆனால் ஓடைக்கரையில் ரோடா ஒரு வீச்சைக்கூடக் குறைத்துச் சொன்னதில்லை.

"அவன் தலைக்குத்தான் வச்சேன்," என்றாள். "தவறிருச்சு. மரத்துல பட்டுச்சு."

லைல் இரத்தத்தைத் துப்பிக்கொண்டே, கேட்டுக்கோ, அவள் வாயாலேயே சொல்லிவிட்டாள், விலங்கை எடு என்றான். நேவா அப்படியே இலைமேல் உட்கார்ந்துவிட்டாள்.

ஆரின் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "அது சரி லைல். ஆனா மிஸ் ரோடா வட்டுதானே பின்னாடி கிடந்துச்சு? அவங்க வீசுறதுக்கு முன்னாடி நீ எதுக்கு முன்னாடி போன? இந்த ஓடையில முன்னாடி போனவன் அடிபட்டா அவன் பாடுதானே. சட்டம் தெரியாதா உனக்கு?"

பல் போனதுகூட லைலுக்கு அவ்வளவு வலித்திருக்காது. பதினைந்து வருடமாக ஆடுகிறவனைப் பார்த்து, கூட்டத்தின் நடுவில், சட்டம் தெரியாதா என்று ஆரின் கேட்டுவிட்டான். லைல் எழுந்து நின்றான்.

"எனக்கா தெரியாது? நான் எவனுக்கும் முன்னாடி போனதில்ல. முப்பது எண்ணியாச்சு, அவ முறை போச்சு, அப்புறந்தான் போனேன்."

"முழு முப்பதும் எண்ணுனியா? அவசர அவசரமா எண்ணிருப்ப."

"நிறுத்தி நிதானமா எண்ணுனேன். வேணும்னா அவ மூஞ்சியப் பாரு. பத்துக்கு ஒண்ணு விட்டேன். பத்துல அறை, இருபதுல வாய், முப்பதுல கண்ணு. மூணு இருக்கா இல்லையா? மரம் மாதிரி நின்னா, ஒரு விரலத் தூக்கல. எல்லாரும் பாத்தாங்க, கேளு."

சொல்லி முடித்து, ஆட்டத்தில் ஜெயித்தவனைப்போல எங்களைப் பார்த்தான். ஹோபர்ட் மெதுவாக, ஆமாம், சரியாக முப்பதுதான், நானும் கூடவே எண்ணினேன் என்றார். அவர் இழைத்த பெட்டிகளில்கூட ஆணியை அவ்வளவு நேராக அடித்ததில்லை.

"ஒரு விரலத் தூக்கல," என்று ஆரின் திருப்பிச் சொன்னான். "கை வைக்கக் கூடாதுன்னுதான் நீதிபதியும் சொன்னார். அவங்க வட்டு பட்டது மரத்துல. நீ மூணு தடவை கைய வச்சிருக்க. திரும்பி நில்லு லைல்."

லைலுக்குப் புரிய இன்னொரு முப்பது எண்ண வேண்டியிருந்தது. புரிந்ததும் கத்தினான். ஒரு ராத்திரிதான், நாளைக்கே வெளியே வருவேன், வந்து யாரை எங்கிருந்து இழுக்க வேண்டுமோ இழுப்பேன் என்றான். அவன் சொன்னது பொய்யல்ல. மூன்று அடிக்கு எங்கள் மாவட்டத்தில் எவனும் அதிகநாள் உள்ளே இருந்ததில்லை.

அப்போது நேவா இலைகளிலிருந்து எழுந்தாள்.

"ஆரின், நான் படியில விழல. கார் கதவுல என் கையை வச்சு சாத்தினான். ரெண்டு தடவை. அதுக்கு முன்னாடி ரெண்டு விலா. அதையும் எழுதிக்கோ, எல்லாம் சொல்றேன்."

ஒரு கையில்தான் விலங்கு மாட்டியிருந்தது. லைல் ஆரினை உதறிவிட்டு, தலையைக் குனிந்து, மாடு முட்ட வருவதுபோல நேவாவை நோக்கி ஓடினான். ரோடா நடுவில் வந்து நின்றாள். கைகள் இரண்டையும் மேலங்கிப் பைக்குள் விட்டுக்கொண்டுதான் நின்றாள்; அதை நான் எந்த நீதிமன்றத்திலும் சொல்வேன், சொல்லவும் செய்தேன். அவன் தலை அவள் நெஞ்செலும்பில் மோதியது. மரக்கட்டையில் சுத்தியல் விழுந்த சத்தம். ரோடா அரையடி பின்னால் போனாள். லைல் நின்ற இடத்திலேயே மடிந்து, பாதி உடம்பு ஓடையில் கிடக்க, மல்லாந்தான். மீன் செத்துவிட்டதா என்று பார்ப்பதுபோல ஆரின் அவனைக் காலால் புரட்டி, மறு கையிலும் விலங்கை மாட்டினான்.

நேவா சாட்சி சொன்ன பிறகு அவனுக்குக் கிடைத்தது ஆறு வருடம். அவள் திரும்பிப் போகவில்லை.

அந்த ஞாயிற்றுக்கிழமைக்கு மறுநாள், திங்கட்கிழமை. ஒரு கண் முழுக்க மூடிக்கொண்டு, உதட்டில் தையலோடு, விலாவைப் பிடித்துக்கொண்டு ரோடா பேருந்தை எடுத்தாள். முன் இருக்கையில் நேவா உட்கார்ந்து, மூடிய கண் பக்கத்தில் எதிரே வரும் வண்டிகளையெல்லாம் பார்த்துச் சொல்லிக்கொண்டே வந்தாள். ஒரு வளைவைக்கூட அவர்கள் தவறவிடவில்லை. நாற்பது பிள்ளைகள் இருந்தும் பள்ளிக்கூடம் வரும்வரை ஒன்றுகூட மூச்சு விடவில்லை.