அண்ணனுக்குக் கிடைக்காத அட்டை

லண்டனில் நான் வேலை பார்க்கும் மருந்துக் கடைக்குத் தினமும் காலையில் ஹாரிஸ் என்றொருவர் வருகிறார். தொப்பியைக் கழற்றி வணக்கம் சொல்வார், மழையைப் பற்றி இரண்டு வார்த்தை பேசுவார், டாக்டரின் சீட்டை நீட்டுவார். சீட்டில் இருப்பது ஹெராயின். நீங்கள் வாசித்தது சரிதான். முதலாளி பதிவேட்டில் எழுதிக்கொண்டு, மாத்திரையைப் பொட்டலம் கட்டி, 'சார்' போட்டுக் கொடுப்பார். அதை வாங்கிக்கொண்டு ஹாரிஸ் ஆபீசுக்குப் போவார். இந்த நாட்டில் போதைக்குப் பழகியவனும் நோயாளிதானாம். அடியோடு நிறுத்த முடியாதவனுக்கு டாக்டரே எழுதிக்கொடுத்து வேலைக்கு அனுப்புகிறார்கள். வந்த புதிதில் ஆச்சரியமாக இருந்தது. இப்போது வயிறு எரிகிறது. மறைப்பானேன், அந்த மனிதரின் தேய்த்த சட்டையைப் பார்த்தாலே எனக்குப் பொறாமை.

என் அண்ணன் யூசுப், பெரும்பாறையிலிருந்து ஆரஞ்சும் காப்பிக்கொட்டையும் ஏற்றிப் போகும் லாரியின் டிரைவர். ஒரு வளைவில் வண்டி கவிழ்ந்து இடுப்பு போயிற்று. வலிக்கென்று தொட்ட அபின் அவரை விடவில்லை. நம் சர்க்காரும் கல்நெஞ்சம் கொண்டதல்ல. பழகியவர்கள் பெயரைப் பதிந்தால், டாக்டர் பார்த்து அட்டை தருவார், அதைக் காட்டிச் சர்க்கார் கடையிலேயே அபின் வாங்கலாம், அளவைக் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைப்பார்கள் என்று அறிவித்தது. கொடைக்கானலில் கம்பவுண்டராக இருந்த நான்தான் அண்ணனுக்கு மனு எழுதினேன். தாலுகா ஆபீசில் கொடுப்பதும் என் பொறுப்பு. ஆனால் அதே சமயத்தில் என் பாஸ்போர்ட்டுக்குப் போலீஸ் விசாரணை வரவிருந்தது. அபின் தின்கிறவனின் தம்பிக்கு எந்தச் சர்க்கார் பாஸ்போர்ட் கொடுக்கும்? மனுவைச் சட்டைப் பையிலேயே வைத்துக்கொண்டேன்.

"ஏலே, மனுவக் குடுத்துட்டியா?" என்று கேட்டார் அண்ணன்.

"குடுத்துட்டேண்ணே. அட்டை வெரசா வந்துரும்."

"வரட்டும்லே. அது வந்துட்டா மறுபடி ஸ்டீரிங்கப் புடிச்சிருவேன்."

விசாரிக்க வந்த ஏட்டு, எங்கள் அத்தாவின் கம்பளிக் கடையில் டீ குடித்தார், ஒரு கம்பளியைத் தடவிப் பார்த்தார், போய்விட்டார். அண்ணனைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அதற்குள் பெயர் பதியக் கொடுத்த கெடு முடிந்திருந்தது. நான் கப்பலேறினேன். அட்டை இல்லாத அண்ணன் பழனிக்கு இறங்கிப்போய்க் கள்ளத்தனமாக வாங்கித் தின்றார். அதில் என்ன கலந்திருந்ததோ, போன வருஷம் மௌத்தாகிவிட்டார். கொடைக்கானலிலேயே அடக்கம் செய்ததாக அத்தா எழுதினார். அட்டை ஏன் வரவில்லை என்று கடைசிவரை கேட்டுக்கொண்டிருந்தாராம்.

பொறுக்கமாட்டாமல் ஒருநாள் ஹாரிஸிடம் கேட்டேவிட்டேன்: "வீட்டில் இதெல்லாம் யாருக்கும் தெரியாதா?"

கொஞ்சமாவது கூசட்டும் என்றுதான் கேட்டேன். அவரோ, வேறு ஆள் வந்தால் மருந்து கொடுப்பது பற்றி நான் யோசிப்பதாக எடுத்துக்கொண்டார். "நல்லவேளை ஞாபகப்படுத்தினீர்கள். எனக்கு முடியாத நாளில் தம்பி வருவான். கடிதம் கொடுத்து அனுப்புகிறேன், போதுமா?" என்றார் மகிழ்ச்சியாக.

நேற்று அந்தத் தம்பி வந்தான். பின்னால் ஒரு கிழவி இருமல் மருந்துக்குக் காத்திருந்தாள். அவன் குரலைத் தாழ்த்தவில்லை. அண்ணனுக்குக் காய்ச்சல் என்றான், மருந்தின் பெயரைச் சொன்னான், கடிதத்தை நீட்டினான். ஹாரிஸ் மேல் இருந்த பொறாமையெல்லாம் அந்த நிமிஷமே இவன் பக்கம் திரும்பிவிட்டது. அண்ணனுக்காக வந்து நின்றதில் இவனுக்கு ஒரு குறையும் வந்துவிடவில்லை. எனக்கும் வந்திருக்காது. பொட்டலத்தை வாங்கிக்கொண்டு, பேச்சுக்கொடுக்க நினைத்தானோ என்னவோ, "உங்களுக்கும் அண்ணன் உண்டா?" என்றான்.

"உண்டு. ஊரில் இருக்கிறார்."

"இங்கே வருவாரா?"

"வரமாட்டார். நான்தான் போகவேண்டும்" என்று சொல்லிவிட்டு, கிழவியைப் பார்த்து, "நெக்ஸ்ட், ப்ளீஸ்" என்றேன்.