மூன்றாம் படியில் ஒரு வாளி

சூடாமணி மாமி ஆட்டின் கால்களை மூன்றாவது முறையாக எண்ணினார். ஐந்து வந்தது. மூக்குக்கண்ணாடியைக் கழற்றிப் புடவைத் தலைப்பால் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடி எண்ணினார். அப்போதும் ஐந்துதான். கணினித் திரையில் நின்ற அந்த ஆடு முள்கம்பியால் ஆனது. அதைச் செய்தவர் ஆஸ்திரேலியாவில் இருக்கிறார். ஐந்தாவது கால் அவர் யோசித்து வைத்ததா, கம்பி மிச்சமாகிவிட்டதா என்று கேட்பது மாமியின் வேலை இல்லை. "முள்கம்பி ஆடு. கால்கள் ஐந்து" என்று ஆங்கிலத்தில் தட்டினார். முற்றுப்புள்ளிக்கு மட்டும் ஓங்கி ஒரு குத்து. பிறகு நாற்காலியில் சாய்ந்துகொண்டு, "எழுதியாச்சு. இனி சொல்லலாம்" என்றார்.

அடுத்த மேசையில் ஷிஜா ஹெட்போனைக் கழற்றினாள். இந்த நிமிடத்துக்காகத்தான் அவள் விழிஞ்ஞத்திலிருந்து இரண்டு பேருந்து மாறி வேலைக்கு வருகிறாள்.

"கால் அஞ்சு வச்சும் அதுக்கு நிக்கத் தெரியலை, பாத்தியா? மூஞ்சியப் பாரு, பென்ஷன் நின்னுபோனவா மாதிரி."

"மாமி, இதையும் சேத்து எழுதினா எந்து ரசமாயிட்டு இருக்கும்!"

"எழுதப்படாது. அது அபிப்ராயம்."

திருவனந்தபுரம் புளிமூட்டில் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையின் மாடியில் இருக்கிறது இந்த அலுவலகம். மூன்று மேசை, மூன்று பேர், கழுத்து திரும்பாத ஒரு மின்விசிறி. வெளிநாட்டுக் கலைக்கூடங்கள் தங்கள் கண்காட்சிகளின் புகைப்படங்களை அனுப்பும். ஒவ்வொரு படத்திலும் என்ன இருக்கிறது என்று இவர்கள் எழுதிக் கொடுப்பார்கள். அங்கே பார்வையில்லாத ஒருவர் வந்து கைபேசியைக் காதில் வைத்தால், அந்த வரிகள் குரலாக ஒலிக்கும். வேலையில் பாதிக்கு மேல் வண்டகூரா என்ற ஊரிலிருந்து வருகிறது. சிட்னியிலிருந்து காரில் ஏழு மணி நேரம். கோதுமை, ஆடு, ஈ. இந்த மூன்றுக்கு நடுவில் நவீனக் கலைக்கு எதற்கு ஒரு பெரிய கட்டடம் என்று மாமிக்கு இன்றுவரை விளங்கவில்லை. ஆனால் ஆறு வாரத்துக்கு ஒருமுறை அங்கே கண்காட்சி மாறிவிடும். கம்பளிச் சட்டை போட்ட ஃபிரிட்ஜ், படமே இல்லாத நாற்பது சட்டங்கள், ஒரு சுவர் முழுக்கப் பழைய டூத் பிரஷ். எது வந்தாலும் மாமி, வாசலுக்கு வந்த காய்கறி வண்டியைப் பார்க்கிற முகத்தோடுதான் பார்ப்பார்.

அந்த முகம் பழைய வேலையில் வந்தது. ஒரு காப்பீட்டு நிறுவனத்தில் இருபத்தாறு வருடம், விபத்தில் அடிபட்ட வண்டிகளின் சேத அறிக்கையை எழுதியவர் அவர். 'முன்பக்க இடது விளக்கு உடைந்துள்ளது. கதவில் நான்கு அங்குலக் கீறல். பின் இருக்கையில் ஒரு தேங்காய், சேதமில்லை.' பெரியதிலிருந்து சிறியதற்கு, இடமிருந்து வலத்துக்கு, இருப்பது மட்டும். விருப்ப ஓய்வு வாங்கிக்கொண்டு கரமனையில் வீட்டோடு இருந்தவரை, அதே தெருவில் தவழ்ந்து வளர்ந்த மஹேஷ்தான் தன் புது அலுவலகத்துக்குக் கூப்பிட்டான். முதலாளி அவன். அதனால் என்ன, மாமிக்கு அவன் மூக்கொழுகிய மஹேஷுதான்.

'தெரிவதை எழுது, தோன்றுவதை எழுதாதே' என்று மஹேஷ் சுவரில் ஒட்டி வைத்திருக்கிறான். மாமியைப் பொறுத்தவரை கஷ்டமான கட்டளை. அவருக்குத் தோன்றாத விஷயமே உலகத்தில் இல்லை. உள்ளேயே வைத்துக்கொண்டால் மத்தியானம் ஏப்பமாக வருகிறதாம். அதனால்தான் எழுதி முடித்த கையோடு சொல்லித் தீர்த்துவிடுவது.

வீட்டில் இந்தத் தீர்த்துவிடுதல் கிடையாது. அங்கே வெறும் விவரம்தான். கணவர் சுந்தரராமன் ஒரு கல்யாணத்துக்குப் புறப்பட்டு, "எப்படி இருக்கேன்?" என்று வந்து நின்றார். "அரைக்கைச் சட்டை. நீலம். மேலேருந்து நாலாவது பித்தான் மட்டும் ரொம்ப முயற்சி பண்றது" என்றார் மாமி. அவர் அன்று பந்தியில் பாயசம் வேண்டாம் என்று சொல்லிவிட்டார். இன்னொரு நாள் நாத்தனார் தன் பெண்ணுக்கு வந்த வரனின் புகைப்படத்தை அனுப்பி அபிப்பிராயம் கேட்டார். மாமி எழுதிய பதில்: 'நடுவில் ஓர் இளைஞன், முப்பது வயதிருக்கலாம். பின்னால் ஒரு வெள்ளைக் கார். காரின் கூரைமேல் வேறொருவருடைய கை. கையின் விரல்கள் காரை இறுகப் பற்றியுள்ளன.' அந்தக் கை யாருடையது என்று விசாரிக்கப் போய் வரன் தட்டிப்போனது. நாத்தனார் இரண்டு மாதம் பேசவில்லை. "நான் என்ன சொன்னேன்? கை இருந்துது, கைன்னேன்" என்பார் மாமி.

போன ஜூனில் வந்தது வம்பு.

வண்டகூராவில் வறட்சியைப் பற்றி ஒரு கண்காட்சி. டெஸ் என்ற இளம் பெண்ணின் படைப்பு. ஒரு வெள்ளைக் கூடம். உள்ளே முப்பத்திரண்டு பழைய எனாமல் பேசின்கள் கூரையிலிருந்து கம்பியில் தொங்குகின்றன. எல்லாம் காலி. இங்கே புளிமூட்டில் மழை ஊற்றிக்கொண்டிருந்தது. மாமி பேசின்களுக்கு ஒரு வரி கொடுத்தார். பிறகு படத்தின் வலது ஓரத்துக்கு வந்தார். அங்கேதான் அவருக்குக் கை ஓடியது. 'வலது கோடியில் ஒரு மஞ்சள் ஏணி. மூன்றாம் படியில் நீல வாளி. வாளியின் விளிம்பில் ஓர் ஈரத்துணி தொங்குகிறது. துணியின் நுனியில் ஒரு சொட்டு நீர், விழப்போகும் நிலையில்.' முற்றுப்புள்ளி. குத்து. "முப்பத்திரண்டு பேசினுக்கு இந்த வாளி தேவலை" என்று ஷிஜாவிடம் சொல்லிவிட்டு மோர் குடிக்கப் போனார்.

மூன்று வாரம் கழித்து மஹேஷ் மடிக்கணினியைக் கைக்குழந்தையைப் போல மார்போடு அணைத்துக்கொண்டு வந்து நின்றான்.

"மாமி, அந்த ஏணி ஆர்ட் இல்லை. லைட் மாட்ற ஆளோடது. ஜன்னலத் துடைச்சுட்டு மறந்து வச்சுட்டுப் போயிருக்கான். போட்டோ எடுத்தவனும் பாக்கலை. மறுநாளே ஏணிய எடுத்தாச்சு."

"நான் பாத்தேன்."

"அதுதான் ப்ராப்ளமே!"

நடந்தது இதுதான். டக் என்ற பெயரில் ஒரு கிழவர், ஆட்டுக்கு ரோமம் கத்தரித்தே ஓய்வு பெற்றவர், பத்து வருடமாகப் பார்வையில்லை. அவர் கண்காட்சிக்கு வந்து, மாமியின் வரிகளைக் கேட்டு, அரை மணி நேரம் அசையாமல் நின்றிருக்கிறார். பிறகு ஊரெல்லாம் போய், "பேசினை விடுங்கள், அந்தக் கடைசிச் சொட்டைப் போய்ப் பாருங்கள்" என்று சொல்லியிருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை பதினோரு பேர் திரண்டு வந்து, ஏணி எங்கே என்று வரவேற்பு மேசையில் கேட்டிருக்கிறார்கள். அடுத்த ஞாயிறு முப்பது பேர். உள்ளூர் வானொலியிலும் வந்துவிட்டது. டெஸ் கொதித்துப் போயிருக்கிறாள். தண்ணீரே இல்லை என்பதுதான் அவள் படைப்பு. எங்கேயோ திருவனந்தபுரத்தில் யாரோ அதில் தண்ணீர் வைத்துவிட்டார்கள்.

"நாளைக்குப் பத்து மணிக்கு வீடியோ கால். அதுக்கு முன்னாடி ஒரே ஒரு வரி எழுதிக் குடுங்கோ. 'ஏணி இருந்ததாகக் குறிப்பிட்டது எங்கள் தவறு.' அவ்வளவுதான். இந்த கான்ட்ராக்ட் போச்சுன்னா ஆபீஸைப் பூட்டிட்டு மூணு பேரும் கீழ கண்ணாடி விக்கப் போகலாம்."

"தவறுன்னா, இல்லாததை எழுதினேன்னு ஆயிடும். இருபத்தாறு வருஷத்துல ஒரு வண்டிக்கு நான் இல்லாத கீறல் போட்டதில்லை, கேட்டியோ மஹேஷு. ஒரு லாரிக்காரன் காலைப் பிடிச்சுண்டு அழுதான். போடலை."

"மாமி, ப்ளீஸ்."

"ஏணி இருந்துது."

"விடுங்க சாரே" என்றாள் ஷிஜா. "மாமி ஏணியில ஏறியாச்சு. இனி எறங்கத்தில்ல."

மறுநாள் மாமி மாம்பழ நிறப் பட்டுப்புடவையில் வந்தார். வேலை போகிற நாள் என்றால் அதற்கும் ஒரு மரியாதை வேண்டாமா என்பது அவர் கட்சி. மஹேஷ் இஸ்திரி போட்ட சட்டையில் இருந்தான். மழைக்கு மின்சாரம் இரண்டு முறை போய் வந்தது. சரியாகப் பத்து மணிக்குத் திரையில் வண்டகூரா தெரிந்தது. கலைக்கூடத்தின் இயக்குநர் ஹெலன் காமிராவுக்கு மிக அருகில் இருந்தார். பின்னால் கையைக் கட்டிக்கொண்டு ஆரஞ்சு நிறத் தலைமுடியோடு டெஸ். ஒரு நாற்காலியில், முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, தொப்பியை மடியில் வைத்திருந்த டக். அவர்களுக்குப் பின்னால் தொங்கும் பேசின்கள். வலது கோடியில் மஞ்சள் ஏணி.

"இன்று ஒரு நாளைக்கு மட்டும் ஏணியைப் பழைய இடத்தில் வைத்திருக்கிறோம்" என்றார் ஹெலன். "முதலில் பார்த்தவர் வாயால் ஒருமுறை கேட்கவேண்டும் என்று டக் கேட்டுக்கொண்டார். கேட்டபிறகு நாங்கள் ஒரு முடிவுக்கு வருவோம்."

'முடிவு' என்றதும் மஹேஷ் ஒரு காகிதத்தில் பரபரவென்று எழுதித் திரைக்குப் பின்னால் தூக்கிப் பிடித்தான். 'சொட்டு இருக்குன்னு சொல்லிடுங்கோ.' கீழே மூன்று கோடு.

மாமி அதைப் படித்தார். மூக்குக்கண்ணாடியைச் சரிசெய்துகொண்டார். தொண்டையைக் கனைத்துக்கொண்டு, காப்பீட்டு அலுவலக ஆங்கிலத்தில் நிதானமாக ஆரம்பித்தார்.

"வெள்ளை நிறக் கூடம். கூரையிலிருந்து முப்பத்திரண்டு பேசின்கள் தொங்குகின்றன. அவை காலி. இடது பக்கம் ஒரு பெண், ஆரஞ்சு முடி, கைகளைக் கட்டியிருக்கிறாள். வலது கோடியில் ஒரு மஞ்சள் ஏணி. மூன்றாம் படியில் நீல வாளி. வாளியின் விளிம்பில் ஒரு துணி தொங்குகிறது."

டக் நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டார். "சொட்டு?" என்றார்.

மஹேஷ் காகிதத்தை இன்னும் உயர்த்தினான்.

மாமி திரையில் மூக்கு படுகிற அளவுக்குக் குனிந்து பார்த்தார். "துணி காய்ந்திருக்கிறது. சொட்டு இல்லை."

காகிதம் இறங்கியது. அதைப் பின்தொடர்ந்து மஹேஷும் இறங்கித் தரையில் உட்கார்ந்துவிட்டான். "போச்சு" என்று ஒரு குரல் மேசைக்கு அடியிலிருந்து வந்தது. கீழே கண்ணாடிக் கடையில் யாரோ ஒருவர் கண் பரிசோதனைப் பலகையின் எழுத்துகளை உரக்கப் படித்துக்கொண்டிருந்தது தெளிவாகக் கேட்டது.

டக் தலையை மட்டும் டெஸ் நின்ற பக்கம் திருப்பினார். "கேட்டாயா, பெண்ணே? காய்ந்துவிட்டதாம்" என்றார். அவ்வளவுதான் சொன்னார். வயலைப் பற்றிச் சொல்கிற மாதிரி.

டெஸ் விறுவிறுவென்று ஏணியிடம் போய், வாளியைத் துணியோடு பிடுங்கிக்கொண்டு திரையைவிட்டு வெளியே போய்விட்டாள்.

"மாமி, ஆ கொச்சுப் பொண்ணு கோவிச்சுட்டுப் போச்சு" என்று கிசுகிசுத்தாள் ஷிஜா.

"வாளியோட யாருடீ கோவிச்சுண்டு போவா? பொறு."

எங்கோ ஒரு குழாய் திறக்கிற சத்தம் வந்தது. டெஸ் இரண்டு கையாலும் வாளியைத் தூக்கிக்கொண்டு, தரையெல்லாம் தளும்பத் தளும்பத் திரும்பி வந்தாள். மூன்றாம் படியில் வைத்தாள். துணியை முக்கி, அரைகுறையாகப் பிழிந்து, விளிம்பில் தொங்கவிட்டாள். சரியில்லை என்று பட்டதுபோலும். இரண்டு விரலளவு வலப்பக்கம் நகர்த்தினாள். பிறகு பழையபடி கையைக் கட்டிக்கொண்டாள். ஆனால் தலை ஏணியின் பக்கம் சாய்ந்திருந்தது.

"இப்போது?" என்றார் டக்.

"துணி ஈரமாக இருக்கிறது. நீர் நுனிக்கு இறங்குகிறது" என்றார் மாமி. "நுனியில் ஒரு சொட்டு. சிறியது." நிறுத்தினார். "பருத்துக்கொண்டு வருகிறது."

ஹெலன் நகர்ந்து வழிவிட்டார். மஹேஷின் தலை மேசை விளிம்புக்கு மேல் மெல்ல எழுந்தது. ஷிஜா மின்விசிறியை நிறுத்தினாள். ஆஸ்திரேலியாவில் தொங்குகிற சொட்டை இங்கே வீசுகிற காற்று தள்ளிவிடும் என்பதுபோல.

"இன்னும் விழவில்லை" என்றார் மாமி. குரல் தாழ்ந்துபோயிருந்தது. "நீளமாகிறது. கழுத்து மெலிகிறது."

அப்போது அவருடைய வலது கை, அவருக்குத் தெரியாமலே, பட்டுப்புடவையின் மடியிலிருந்து எழுந்து போய் மடிக்கணினித் திரையின் அடியில், உள்ளங்கை மேல்நோக்கி, குழிந்து நின்றது.