பாதியில் நின்ற தறி

நாங்கள் ஆடிய தறி நடனத்தை முழுசாகப் பார்த்தவர்கள் யாரும் கிடையாது. ஆடிய எங்களையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

இரண்டாம் உலக யுத்தத்துக்குக் கொஞ்சம் முந்தி, குற்றாலத்தில் ஐந்தருவி போகிற பாதையில் ஒரு பங்களாவை எடுத்து, நாங்கள் சார் என்று கூப்பிட்ட நடனக்காரர் தன் குழுவை அங்கே வைத்திருந்தார். பல வருஷம் ஐரோப்பாவில் ஆடிவிட்டு வந்தவர். தேவதாசிகள் ஆடிய சதிரும் வேண்டாம், நாடகமேடை டான்ஸும் வேண்டாம், இந்தக் காலத்து மனுஷர் வேலை செய்யும்போது உடம்பு எப்படி அசைகிறதோ அதிலிருந்துதான் புது நடனம் வரவேண்டும் என்பது அவர் கட்சி. நான் அப்போது தென்காசியில் ஒரு பெண்கள் பள்ளியில் டிரில் டீச்சர். பத்திரிகையில் அவர் ஆள் கேட்டதைப் பார்த்து வேலையை விட்டுவிட்டுப் போனேன். அப்பா ஒரு வருஷம் என்னோடு பேசவில்லை. அம்மாவுக்குத்தான் புரியவேயில்லை. "கையக் கால ஆட்டுததுக்குத்தான் பள்ளிக்கூடத்துலயே வேலை குடுத்திருக்காங்களே, அதை விட்டுட்டு அங்கன போயி என்னத்தட்டி ஆட்டப்போற?" என்றாள்.

பன்னிரண்டு பேர் இருந்தோம். முதல் மாசமே எங்களை ரயிலேற்றிக் கடையநல்லூருக்குக் கூட்டிப்போனார். ஒரு நெசவுக்காரர் வீட்டில் மூன்று நாள் குழித்தறிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தோம். கால் மிதியை அமுக்குகிறது, கை கயிற்றை இழுக்கிறது, நூலைச் சுமந்துகொண்டு நாடா இந்தக் கரைக்கும் அந்தக் கரைக்கும் ஓடுகிறது. நெசவுக்காரர் சிரித்துக்கொண்டே, "இதுல பாக்கதுக்கு என்னம்மா இருக்கு?" என்று கேட்டுக்கொண்டே இருந்தார். நான்கு பேர் மிதி, ஏழு பேர் நீளவாக்கில் இழுத்துக் கட்டிய பாவு நூல், நான் நாடா என்று சார் பிரித்தார். மேடையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்கு ஓடவேண்டும், திரும்பி ஓடவேண்டும். அவ்வளவுதான் என் வேலை.

சாரல் காலத்தில் ஒருநாள் காலை. ஜன்னல் வழியாகத் தூறல் அடித்துக் கூடத்துத் தரை நனைந்து கிடந்தது. ஓடிவந்த வேகத்தில் வழுக்கி ஒரு முட்டியில் விழுந்தேன். நிறுத்தினால் சார் திட்டுவார் என்று, அந்த முட்டியிலேயே சுழன்று எழுந்து எதிர்ப்பக்கம் ஓடினேன்.

சார் கைதட்டிவிட்டார். "இதுதான்! நாடா திரும்புற இடம். ஆறு மாசமா இதைத்தான் தேடுறேன்."

அடுத்த இரண்டு வாரம் அதையே பழகினேன். முட்டி வீங்கி, உட்கார்ந்தால் எழுந்திரிக்க முடியாது. அப்புறம் ஒருநாள் சார் கூப்பிட்டு, "ஓடுறது நீ. ஓரத்துல முட்டியில திரும்புறதை மட்டும் அவ செய்யட்டும்" என்றார். அவள் என்றால் குழுவில் முதலிடத்தில் இருந்த மெட்ராஸ்காரி. வெளிச்சம் அவள்மேல்தான் விழும். அவளுக்கு அதைச் சொல்லிக்கொடுக்கவும் என்னையே ஏவினார். என் முகம் மாறியதைப் பார்த்து, "குழுவுல என்னுது உன்னுதுன்னு கிடையாது" என்றார். நோட்டீஸில் மட்டும் ஏன் சார் உங்கள் பெயர் தனியாக இருக்கிறது என்று கேட்டிருக்கலாம். "சரி சார்" என்றேன்.

தென்காசியில் ஒரு நாடகக் கொட்டகையில் அரங்கேற்றம். பாட்டு கிடையாது. ஒரு முரசும் இரண்டு கட்டையும்தான். ஐந்து நிமிஷம் ஜனங்கள் பொறுமையாகத்தான் இருந்தார்கள். பிறகு பின்னாலிருந்து ஒரு குரல், "ஏலே, பாட்டு எப்பம் வரும்?" என்றது. இன்னொருவர், "தறி பாக்கணும்னா கடையநல்லூருக்குப் போயிருக்க மாட்டமா?" என்றார். சிரித்தார்களே தவிர, கெட்ட எண்ணமாகச் சொல்லவில்லை. நாங்கள் ஆடிக்கொண்டுதான் இருந்தோம். முடித்திருப்போம். சார்தான் மேடைக்கு வந்து முரசை நிறுத்தச் சொல்லி, கலையைப் பற்றிப் பாதி தமிழிலும் பாதி இங்கிலீஷிலும் ஜனங்களைக் கண்டித்துப் பேச ஆரம்பித்தார். பேசி முடிப்பதற்குள் கொட்டகை காலி.

கடையநல்லூர் நெசவுக்காரர் குடும்பத்தோடு வந்திருந்தார். அவர் மட்டும் கடைசிவரை உட்கார்ந்திருந்துவிட்டு மேடைப் பக்கம் வந்து, "ஏம்மா, பாதி நெசவுல அறுத்துப்புட்டீங்களே?" என்றார். எனக்கு அழுகை வந்துவிட்டது.

அதன்பிறகு சார் தினமும் எதையாவது மாற்றிக்கொண்டே இருந்தார், மறுபடி மேடையேற விடவில்லை. யுத்தம் வந்ததும் பம்பாய்க்குப் போனார். காத்திருங்கள் என்று ஒரு கடிதம் வந்தது. காத்திருந்தோம். சீசன் முடிந்து பங்களாவையும் பூட்டிவிட்டார்கள். நான் திரும்ப அதே பள்ளியில் அதே விசிலோடு போய் நின்றேன்.

யுத்தம் முடிந்தபின் ஒரு சீசனுக்கு மெட்ராஸ்காரி கணவன் குழந்தைகளோடு குற்றாலம் வந்தாள். செங்கோட்டையிலிருந்து இன்னொரு பழைய ஆட்டக்காரரையும் வரவழைத்தேன். பள்ளி ஆண்டு விழாவில் அந்த நடனத்தைப் பிள்ளைகளை வைத்துச் செய்யவேண்டும் என்று எனக்கு ஆசை. மூன்று பேரும் அவள் தங்கியிருந்த அறையில் நாற்காலிகளை ஒதுக்கிவிட்டு ஆடிப் பார்த்தோம். இரண்டு அடிகூடச் சேர்ந்து வரவில்லை.

"இந்தத் திருப்பம் சார் எனக்குச் சொல்லித்தந்தது" என்றாள் அவள்.

"நான்லா சொல்லித்தந்தேன்! உன் முட்டிக்குத் துணி மடிச்சு வச்சதே நான்தான்."

"அப்படியா? எனக்கு அவர் குரல்தான் காதுல இருக்கு."

அவள் பொய் சொல்லவில்லை. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. செங்கோட்டைக்காரரைப் பார்த்தேன். "எனக்கு நல்ல ஓர்மை உண்டு. திருப்பமே கிடையாது. நாடா அந்த ஓரத்துலயே நின்னுரும்" என்றார். அவர் மிதியில் நின்றவர். ஆட்டம் முழுக்க எங்களுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு நின்றவர். அதைச் சொன்னதும் கோபித்துக்கொண்டு பஸ் ஏறிவிட்டார்.

சாருக்கே எழுதிக் கேட்டேன். சினிமா ஸ்டூடியோ ஒன்றின் காகிதத்தில் பதில் வந்தது. தறி என்பது எங்கள் உடம்பைப் பழக்க அவர் கொடுத்த பயிற்சி, அதை நடனம் என்று அவர் எண்ணியதே இல்லை என்று இரண்டே வரி. அந்தக் கடிதத்தை எத்தனை தடவை படித்தேனோ தெரியாது. ஒவ்வொரு தடவையும் அவரோடு மனசுக்குள் சண்டை போட்டேன்.

பிறகு நானே உட்கார்ந்து அமைத்தேன். மறந்த இடங்களில் எனக்குத் தோன்றியதை வைத்தேன். சார் மாற்றிக்கொண்டே இருந்ததில் முடிவு என்று ஒன்று நிலைக்கவேயில்லை, அதையும் செய்தேன். நான் பள்ளியில் தேர்ந்தெடுத்த பதினாறு பிள்ளைகளும் முறைவைத்து நாடாவாக ஓடினார்கள், எல்லோரும் முட்டியில் திரும்பினார்கள்.

நிகழ்ச்சி நிரல் அச்சாகி வந்தபோது அதில் 'பெண்கள் டிரில்' என்று இருந்தது. ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய், "இது நடனம்" என்றேன்.

"டான்ஸ்னு போட்டா எந்த அப்பாவும் பிள்ளைய அனுப்ப மாட்டாரு டீச்சர். உங்களுக்குத் தெரியாததா?"

தெரியும். என் அப்பாவே அனுப்பாதவர்தானே. பிள்ளைகள் கடைசிவரை ஆடினார்கள், யாரும் நடுவில் நிறுத்தவில்லை, நன்றாகக் கைதட்டினார்கள். விழாவுக்கு வந்திருந்த ஒரு பெரிய உத்தியோகஸ்தர் என்னிடம் வந்து, உடற்பயிற்சியை இவ்வளவு ஒழுங்காகச் செய்து பார்த்ததில்லை என்று பாராட்டினார். நான் கைகூப்பினேன். வீட்டுக்கு வந்து அம்மா வைத்த காப்பியைக்கூடக் குடிக்காமல் படுத்துவிட்டேன்.