அந்தப் பள்ளியைப் பற்றி நான் எழுதியது

பென்னாகரம் பக்கம் ஒரு ஊருக்குக் குடிவந்த புதிதில், மகளைச் சேர்க்கலாமா என்று பார்க்க அங்கிருந்த அரசுத் தொடக்கப்பள்ளிக்குப் போனேன். தலைமை ஆசிரியை சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு கழிவறையைக் கழுவிக்கொண்டிருந்தார். பிள்ளைகள் தாங்களாகவே வாசித்துக்கொண்டிருந்தார்கள். நான் பத்து நிமிடம்கூட நிற்கவில்லை. "இங்கே டீச்சர் பாடம் நடத்துவதில்லை, கக்கூஸ்தான் கழுவுகிறார். யாரும் பிள்ளைகளைச் சேர்க்காதீர்கள்" என்று தெரு வாட்ஸ்அப் குழுவில் எழுதினேன். சேர்க்க நினைத்திருந்தவர்கள் எல்லோரும் தனியார் பள்ளிக்குப் போய்விட்டார்கள். அடுத்த ஆண்டு, பிள்ளைகள் போதவில்லை என்று பள்ளியை மூடிவிட்டார்கள்.

பள்ளியின் கடைசி நாளன்று அந்த ஆசிரியையைப் பஸ் நிறுத்தத்தில் பார்த்தேன். நான் எழுதியது அவர் காதுக்கும் எட்டியிருந்தது.

"துப்புரவுக்கு ஆளு வர்றதில்லைங்க. கழுவாம வுட்டா பொம்பளப் புள்ளைங்க வூட்லயே நின்னுக்குதுங்க. அன்னிக்கே என்னை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாமுங்க" என்றார். குரலில் கோபமே இல்லை.

எதிர்வீட்டு மாதம்மாவின் மகள் அந்தப் பள்ளியில் மூன்றாம் வகுப்பு படித்தவள். அடுத்த அரசுப் பள்ளி நெடுஞ்சாலைக்கு அப்பால் இருக்கிறது. "லாரி போற ரோட்ல புள்ளைய எப்புடிக்கா தனியா அனுப்பறது?" என்று மாதம்மா என்னிடமே கேட்டாள். அந்தப் பிள்ளை இப்போது ஆடு மேய்க்கிறாள்.

எங்கள் வாட்ஸ்அப் குழுவில் மாதம்மா இல்லை. நான் எழுதியதை அவளிடம் சொல்ல இன்றுவரை எனக்குத் துணிவு வரவில்லை.