கண்ணாடி கழற்றிய நேரம்

எட்டாம் வகுப்புக் கணக்கு வாத்தியாருக்குப் பிள்ளைகள் வைத்திருந்த பெயர் கரண்ட் கட். அவர் மூக்குக் கண்ணாடியைக் கழற்றினால் போதும், வகுப்பு கப்சிப் என்று அடங்கிவிடும். இருபத்திரண்டு வருடத்தில் அவர் ஒரு பிள்ளையை அடித்ததில்லை, திட்டியதில்லை. பக்கத்து வகுப்பில் அறிவியல் டீச்சர் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருப்பார். இவர் கண்ணாடியைக் கழற்றி மேசைமேல் மெல்ல வைத்துவிட்டு, நாற்பது பேரையும் பார்த்தபடி அசையாமல் நிற்பார். ஒரு நிமிடம், சில நாள் இரண்டு. "அப்படி என்ன மந்திரம் சார் போடுறீங்க?" என்று தலைமையாசிரியரே கேட்டிருக்கிறார்.

மந்திரமும் இல்லை, மண்ணாங்கட்டியும் இல்லை. அவர் யாரிடமும் சொல்லாததை இங்கே சொல்லிவிடலாம். கண்ணாடி இல்லாவிட்டால் அவருக்குக் கண் தெரியாது. பவர் மைனஸ் ஏழு. நீட்டிய கையின் விரல்களே கலங்கலாகத் தெரியும். முதல் வரிசைக்கு அப்பால் முகம் என்று ஒன்றும் இருக்காது, வரிசையாகச் சில கறுப்பு உருண்டைகள்தான்.

வேலைக்குச் சேர்ந்த முதல் நாள், நாற்பது முகங்கள் ஒரே நேரத்தில் அவரைப் பார்த்தபோது சாக்பீஸ் கையிலிருந்து நழுவியது. குனிந்து எடுத்தார், மறுபடியும் நழுவியது. ஒருவன் அதைக் கண்டு சிரித்தான். சிரிப்பு பெஞ்ச் பெஞ்சாகப் பரவியது. இன்னும் கொஞ்சம் போனால் அழுதே விடுவோம் என்று பயந்து, கண்ணைத் துடைத்துக்கொள்ளக் கண்ணாடியைக் கழற்றினார். முகங்கள் காணாமல் போயின. அப்பாடா என்று மூச்சு வந்தது. அந்த நிம்மதியில் அப்படியே நின்றுவிட்டார். பிள்ளைகள் அதைக் கோபம் என்று எடுத்துக்கொண்டு வாயை மூடிக்கொண்டார்கள். பிறகு அவர் அந்த வழியை விடவே இல்லை. ஒரு பயந்தாங்கொள்ளியைப் பார்த்து ஒரு பள்ளிக்கூடமே இத்தனை வருடம் பயந்துகொண்டிருந்தது. இதற்குச் சிரிப்பதா, தலையில் அடித்துக்கொள்வதா?

வீட்டிலும் அதே கதைதான். சண்டை முற்றும் நேரத்தில் கண்ணாடி மேசைக்குப் போய்விடும். "கழட்டிட்டீங்களா? இனிமே நான் சுவத்துகிட்டதான் பேசணும்" என்று சொல்லிவிட்டு மனைவி அடங்கிவிடுவாள். பதினெட்டு வருடத்தில் அவள் அழுது அவர் பார்த்ததில்லை. அழத் தெரியாதவள் என்றே நினைத்திருந்தார்.

அந்தச் செவ்வாய்க்கிழமை இரண்டாவது பீரியடில் மாதத் தேர்வு. தேர்வென்றால் பைகளையெல்லாம் பின்சுவரோரம் குவித்துவிட வேண்டும். அனுமதியில்லாமல் யாரும் எழுந்திருக்கக் கூடாது. இது அவர் வைத்த சட்டம். பாதித் தேர்வில் முன்வரிசையில் இரண்டு பேர் குசுகுசுத்தார்கள். வாத்தியார் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு நின்றார். அடங்கினார்கள்.

அப்போது விசில் போல ஒரு சத்தம் வந்தது. மெல்லியதாக, விட்டு விட்டு. எவனோ சீண்டிப் பார்க்கிறான் என்று நினைத்தார். வேலைக்குச் சேர்ந்த நாளில் கேட்ட சிரிப்பு நெஞ்சுக்குள் வந்து உட்கார்ந்துகொண்டது. கண்ணாடியைப் போட்டால் அந்த முகத்தைப் பார்க்க வேண்டியிருக்கும். போடாமல் நின்றார். விசில் வந்த திசையையே வெறித்தபடி, வழக்கத்தைவிட அதிக நேரம் நின்றார். சத்தம் மெல்லக் குறைந்தது. ஜெயித்துவிட்டோம் என்றுகூட நினைத்தார்.

தடால் என்று ஏதோ விழுந்தது. "சார்! அவளுக்கு மூச்சு வரல சார்!" என்று ஒரு பெண் வீறிட்டாள்.

மேசையைத் துழாவினார். கை பட்டுக் கண்ணாடி கீழே விழுந்தது. மண்டியிட்டுத் தரையைத் தடவினார். சுற்றிலும் பிள்ளைகள் கத்திக்கொண்டிருக்க, நாற்பத்தாறு வயது மனிதர் தவழ்ந்துகொண்டிருந்தார். கண்ணாடியைப் போட்டுப் பார்த்தபோது, கடைசி வரிசைப் பெண் பெஞ்சுக்கும் சுவருக்கும் நடுவில் கிடந்தாள். உதடு நீலம் பாரித்திருந்தது. ஆஸ்துமாவுக்கான இன்ஹேலர் அவள் பையில் இருந்தது. நாற்பது பைகளில் அவள் பை அடியில் கிடந்தது. பக்கத்து வகுப்பிலிருந்து ஓடி வந்த அறிவியல் டீச்சர்தான் அவளை வாரி எடுத்துக்கொண்டு வாசலுக்கு ஓடினார்.

மருத்துவமனை நடைபாதையில் வாத்தியார் பெஞ்சில் உட்கார்ந்திருந்தார். உள்ளே என்ன நடக்கிறதென்று தெரியவில்லை. கதவு திறக்கும்போதெல்லாம் தலையைத் தூக்கிப் பார்த்தார். ஒருமுறை நர்ஸ் ஓட்டமாக வெளியே வந்து ஓட்டமாக உள்ளே போனாள். பிள்ளை செத்துப் போய்விட்டாளோ? தலைமையாசிரியர் பக்கத்தில் வந்து குனிந்தார்.

"சார், நீங்க போர்டுல எழுதிட்டு இருந்தீங்க. திரும்பினப்பதான் பாத்தீங்க. யார் கேட்டாலும் இதுதான். புரியுதா?"

வாத்தியார் தலையாட்டினார்.

பெண்ணின் அம்மா ஒரு தையல்காரி. வேலையை அப்படியே போட்டுவிட்டு ஓடி வந்திருந்தாள். கழுத்தில் அளவு நாடா தொங்கிக்கொண்டிருந்தது. மகளோடு பள்ளியிலிருந்து வண்டியில் வந்திருந்த, வகுப்பில் அவள் பக்கத்தில் உட்காரும் பெண்ணைப் பிடித்து உலுக்கினாள்.

"என்னடி ஆச்சு?"

"அவ கையைத் தூக்கினா அத்தை. ரொம்ப நேரம் தூக்கியே வெச்சிருந்தா. நெஞ்சைத் தொட்டுக் காட்டினா, பையைக் காட்டினா. சார் அவளையே பாத்துட்டு நின்னாரு. அப்புறம் பயந்துபோய்க் கையை இறக்கிட்டா."

"நீ வாயைத் திறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"சார் கண்ணாடியைக் கழட்டியிருந்தாரு அத்தை."

அதற்கு மேல் விளக்கம் வேண்டும் என்று அந்தப் பெண் நினைக்கவே இல்லை.

அம்மா வாத்தியாரின் முன்னால் வந்து நின்றாள். "பாத்தீங்களா சார்? பாத்துட்டேவா சும்மா நின்னீங்க?"

தலைமையாசிரியர் தொண்டையைக் கனைத்தார். வாத்தியாரின் கை தானாகவே மூக்குவரை போய்விட்டது. கழற்றிவிட்டால் இந்த முகம் போய்விடும், எதையாவது சொல்லித் தப்பித்துவிடலாம். கையைக் கீழே இழுத்து தொடைக்கடியில் வைத்துக்கொண்டார்.

"பாக்கலம்மா. கண்ணாடி இல்லாட்டி எனக்கு ஒண்ணுமே தெரியாது. அவ முகமும் தெரியல, கையும் தெரியல."

"அப்புறம் எதுக்குக் கழட்டுறீங்க?"

"பயம்மா. பசங்க மூஞ்சியைப் பாக்க எனக்குப் பயம்."

கத்துவாள், சட்டையைப் பிடிப்பாள் என்று எதிர்பார்த்தார். அவளோ மிதிக்கக் கூடாததை மிதித்துவிட்டதைப் போல முகத்தைச் சுளித்துக்கொண்டு இரண்டடி தள்ளிப் போய் நின்றாள். அதை அவர் கண்ணாடி வழியாகத் துல்லியமாகப் பார்த்தார்.

இரண்டு மணி நேரம் கழித்து டாக்டர் வந்தார். "பொழைச்சிட்டா. நல்லவேளை, இன்னும் அஞ்சு நிமிஷம் ஆகியிருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாது." அம்மா உள்ளே ஓடினாள். கொஞ்ச நேரத்தில் கண்ணைத் துடைத்துக்கொண்டு வெளியே வந்து, அவரைப் பார்க்காமலே பேசினாள்.

"நீங்க வேணும்னே விட்டுட்டீங்கன்னு அவ நெனச்சிட்டிருக்கா. போய் உங்க வாயாலயே சொல்லுங்க."

அறைக்குள் போகும்போது வார்த்தைகளைக் கூட்டி வைத்திருந்தார். நான் பார்க்கவே இல்லை, தப்பு என் மேல்தான், இனி நீ கை தூக்கவே வேண்டாம், எழுந்து போய்ப் பையை எடுத்துக்கொள். கட்டிலில் அந்தப் பெண் கண்ணை மூடிப் படுத்திருந்தாள். முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க். தலைமாட்டில் ஒரு திரையில் நாடித் துடிப்பு ஓடிக்கொண்டிருந்தது. நூற்றிரண்டு.

"அம்மாடி" என்றார்.

கண்ணைத் திறந்தாள். அவரைக் கண்டதும் தலையணையை விட்டு எழ முயன்றாள். முடியவில்லை. கைகள் இரண்டையும் போர்வைக்குள் இழுத்துக்கொண்டாள். அவள் பார்வை அவர் மூக்கின் மேல், கண்ணாடியின் மேல், அப்படியே ஒட்டிக்கொண்டது. மாஸ்க்குக்குள் மூச்சு படபடத்தது. திரையில் நூற்றுப் பதினெட்டு. நூற்று முப்பத்தொன்று. நூற்று நாற்பத்து நான்கு.

தன்னைப் பார்க்கும் பிள்ளையின் முகம் எப்படி இருக்கும் என்று இத்தனை வருடத்தில் அன்றுதான் கடைசிவரை பார்த்தார். இயந்திரம் கீச்கீச்சென்று கத்த ஆரம்பித்தது.

நர்ஸ் விரைந்து வந்தாள். "யார் சார் நீங்க? அப்பாவா?"

"வாத்தியார்."

"வெளிய போங்க சார், உடனே."

வெளியே வந்து, அவள் கண்ணில் படாத சுவரோரமாக நின்றுகொண்டார். உள்ளே அந்தச் சத்தம் நின்றதா இல்லையா என்று காது கொடுத்துக் கேட்டார். சிறிது நேரத்தில் நர்ஸ் வந்தாள்.

"சிஸ்டர், அவளுக்கு இப்போ…"

"துடிப்பு இறங்கிடுச்சு சார். நீங்க வெளிய வந்ததுமே இறங்கிடுச்சு" என்றாள் நர்ஸ் சாதாரணமாக, அடுத்த அறைக்குப் போய்க்கொண்டே.