மகாதேவியின் சைக்கிள் வளவு

மகாதேவி யாரையும் இலேசில் நம்புவதில்லை. எண்பத்து மூன்று ஆடிக் கலவரத்தின்போது கொழும்புக்கு லொறி ஓட்டிக்கொண்டு போன அவளுடைய கணவர் திரும்பி வரவில்லை. அவரை வவுனியாவில் கண்டோம், மன்னாரில் கண்டோம் என்று வந்தவர்களுக்கெல்லாம் சோறு போட்டாள். வழிச்செலவுக்குக் கைக்காப்பைக்கூடக் கழற்றிக் கொடுத்தாள். போனவர்களில் ஒருவரும் செய்தியோடு வரவில்லை. அதன் பிறகு யாராவது வாசல் படலையைத் தட்டினால், முதலில் வேலியிலிருந்த சின்னப் பொட்டுக்குள்ளால் ஆளைப் பார்க்கப் பழகிக்கொண்டாள்.

நல்லூரில் அவள் குடியிருந்த குறுகிய ஒழுங்கைக்கு எதிரே, பிள்ளைகள் தனி வகுப்புக்கு வரும் ஒரு ரியூட்டரி இருந்தது. தொண்ணூற்றொன்றில் அரசின் தடையால் பெற்றோல் இல்லை, பற்றரி இல்லை. ஊரே சைக்கிளில் ஓடியது. றேடியோவைக்கூட சைக்கிள் டைனமோவைச் சுற்றித்தான் கேட்டார்கள். அதனால் டைனமோக்கள் களவுபோயின. பிள்ளைகள் வேலியோரம் சாத்திவிட்டுப் போன சைக்கிள்கள் வகுப்பு முடிந்து வரும்போது மொட்டையாக நின்றன. தகப்பன்மார் வந்து ஒழுங்கைக்காரரை ஏசினார்கள். ஒழுங்கைக்காரர் கனிசியஸைப் பார்த்தார்கள். குருநகரில் வீட்டை ஷெல்லுக்குப் பறிகொடுத்து, மனைவியோடு கடைசி வீட்டில் வந்து குடியிருந்த மீனவன் அவன். படகு இயந்திரங்களைக் கழற்றிப் பூட்டத் தெரிந்தவன்.

“உவர் வந்த பிறகுதான் களவு துவங்கினது,” என்றார் பக்கத்து வீட்டுக் கதிரவேலு.

மகாதேவிக்கும் அதே ஐமிச்சம்தான். ஆனாலும் கனிசியஸின் வீட்டுக்கு அவள்தான் போனாள்.

“தம்பி, எங்கடை வீட்டு வளவுகளைத் திறந்துவிடுவம். பிள்ளையள் சில்லறை குடுத்துச் சைக்கிளை உள்ளை விடட்டும். காத்துப் போனதுகளை நீர் ஒட்டிக் குடும்.”

“என்னையே கேக்கிறியள்? என்னைக் கள்ளனெண்டெல்லோ எல்லாரும் கதைக்கினம்.”

“ஓம். கள்ளனெண்டால் கண்ணுக்கு முன்னாலை நிக்கட்டும் எண்டுதான் கேக்கிறன்.”

கனிசியஸ் சிரித்துவிட்டு ஒத்துக்கொண்டான்.

கதிரவேலுவைச் சம்மதிக்க வைக்க ஒரு மாதம் எடுத்தது. மகாதேவி எல்லையை நகர்த்திவிடுவாள் என்று பயந்து, வளவுகளை ஒன்றாக்க வேலியைப் பிரிக்க முன்னர் எல்லைக்கோட்டில் இரும்புக் குத்தி அடித்தார். சைக்கிளில் ஒரு இலக்கத் தகடு, பிள்ளையின் கையில் அதே இலக்கத்தில் இன்னொன்று. கதிரவேலுவின் மனைவி குணலட்சுமி தேத்தண்ணியும் எள்ளுருண்டையும் விற்றாள். மூன்று வீட்டில் அடுப்பு ஒழுங்காக எரிந்தது. களவும் நின்றுவிட்டது. முன்னர் எடுத்தது கனிசியஸ்தானா என்பது கடைசிவரை யாருக்கும் தெரியவில்லை.

அடுத்த வருடம் ஆவணியில் ஒருநாள், வகுப்பு முடிந்த பிறகும் ஒரு பச்சை லேடீஸ் சைக்கிள் நின்றது. மறுநாளும் நின்றது. மூன்றாம் நாள் கோப்பாயிலிருந்து தியாகலிங்கம் என்ற தோட்டக்காரர் வந்து, சைக்கிளின் சீற்றில் கையை வைத்துக்கொண்டு நின்றார்.

“இது என்ரை மகள் சுபோதினியின்ரை. இயக்கத்திலை சேரப் போயிட்டாள் எண்டு சொல்லுகினம். ஆரோடை போனவள்? நீ கண்டிருப்பாய்.”

“நான் காணேல்லை அண்ணை. எத்தினை பிள்ளையள் வருகுதுகள்,” என்றாள் மகாதேவி.

“பொய். உங்கை ஆரோ இயக்கத்துக்கு ஆள் பிடிக்கினம்.”

அந்தப் பேச்சு இரண்டு நாளில் ஊர் முழுவதும் பரவியது. தாய்மார் பிள்ளைகளை வளவுக்கு விட மறுத்தார்கள். கதிரவேலு வேலியை மறுபடி அடைக்கத் தென்னங்கிடுகு தேடினார். எள்ளுருண்டை பெட்டியிலேயே கிடந்தது.

“அக்கா, உண்மையிலை ஒண்டும் காணேல்லையே?” என்று கனிசியஸ் கேட்டான்.

இவன் ஏன் கேட்கிறான் என்றுதான் மகாதேவிக்கு முதலில் தோன்றியது. ஆனால் அன்றிரவு அவளால் சாப்பிட முடியவில்லை. விடிந்ததும் கோப்பாய்க்கு நடந்தாள். தியாகலிங்கம் புகையிலைக் கன்றுக்குத் தண்ணீர் கட்டிக்கொண்டிருந்தார்.

“அண்ணை, நான் உங்களுக்குப் பொய் சொன்னனான். அண்டைக்குத் தகட்டை நீட்டினன், பிள்ளை வாங்கேல்லை. ‘அது தேவையில்லை மாமி’ எண்டிட்டுப் போச்சுது. ஒழுங்கை முடக்கிலை ஒருக்கால் திரும்பிப் பாத்தது. நான் கூப்பிட்டிருக்கலாம். கூப்பிடேல்லை.”

“பிறகேன் மறைச்சனீ?”

“வளவைப் பூட்ட வேண்டி வருமெண்டு பயந்தன்.”

அவர் மண்வெட்டியை வரம்பில் போட்டார். “இன்னும் ஏதோ மறைக்கிறாய்,” என்றார். “உன்னை நம்பேலாது. நாளையிலையிருந்து உன்ரை படலையிலை வந்து இருக்கப்போறன்.”

சொன்னபடியே வந்தார். மாமரத்தடியில் ஒரு பலகையில் இருந்துகொண்டு வருகிற பெண்பிள்ளைகளின் முகத்தை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தகடு வாங்காமல் ஒருத்தியையும் போகவிடவில்லை. யாராவது பேச்சுக் கொடுக்க நெருங்கினால் எழுந்து போய்ப் பக்கத்தில் நின்றார். வகுப்பு முடிந்து அரை மணித்தியாலத்துக்கு மேல் ஒரு சைக்கிள் நின்றால், அதற்குரிய பிள்ளையைத் தேடிப் புறப்பட்டார். ஒருநாள் சிநேகிதி வீட்டில் கதைத்துக்கொண்டிருந்த ஒருத்தியை, அவள் அழ அழ ஏசிக் கூட்டி வந்தார். அவளுடைய தாய் அடுத்த நாள் தன் இரண்டு பிள்ளைகளின் சைக்கிளையும் அந்த வளவில்தான் விடச் சொன்னாள். ஒருவரையும் நம்பாத மனிதர் வாசலில் இருக்கிறார் என்று கேள்விப்பட்டு மற்றத் தாய்மாரும் மனம் மாறினார்கள். மாரி தொடங்க முன்னர் மூன்று வளவுகளும் நிரம்பிவிட்டன. தியாகலிங்கத்துக்கும் ஒரு பங்கு என்று மகாதேவி சொன்னாள். அவர் தேத்தண்ணிக்கு மேல் ஒன்றும் வாங்கவில்லை. அவளோடு சிரித்துக் கதைக்கவும் இல்லை. சுபோதினியிடமிருந்து ஒரு கடிதத் துண்டும் வரவில்லை.

தொண்ணூற்றைந்து ஐப்பசியில், இராணுவம் முன்னேறி வர, வலிகாமமே எழும்பித் தென்மராட்சிக்கு நடந்தது. ஒழுங்கை ஆட்கள் வழியில் சிதறிப் போனார்கள். கனிசியஸும் மனைவியும் மகாதேவியோடு கொடிகாமத்தில் ஒரு பள்ளிக்கூடத்தில் ஒதுங்கினார்கள். ஒரு கிழமை கழித்து அவள் முற்றத்தில் கயிறு கட்டி, அகதிகளின் சைக்கிள்களைப் பார்த்துக்கொள்ளத் தொடங்கினாள். கொடிகாமத்து ஆள் ஒருவரும் துணைக்கு வந்தார்.

மூன்றாம் நாள் தியாகலிங்கம் அவளை விசாரித்துக்கொண்டு வந்து சேர்ந்தார். சுகம் கேட்கவில்லை. கயிற்றடியில் நின்ற புதியவரை மேலும் கீழும் பார்த்தார்.

“உவர் ஆர்?”

“வடிவாத் தெரியாது அண்ணை,” என்றாள் மகாதேவி. “இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டு விசாரியுங்கோ.”