சூலு முறைச் சலாம்

காட்டு வழியாக வண்ணாத்திவில்லு போகும் பஸ்ஸில் என் பக்கத்தில் இருந்தவர் தென்னாபிரிக்காவில் படிக்கும் மாணவர், லீவில் வந்திருந்தார். கழுத்தில் அந்நாட்டுச் சூலு இனத்தாரின் பாசிமணி, கையில் போன். அதிலிருந்து கண்ணை எடுக்கும் பழக்கம் மட்டும் அவருக்கு இல்லை.

“சூலு ஆக்கள் சலாம் சொல்றதே ‘நான் உங்களப் பாக்கிறன்’ எண்டுதான், நானா. என்ன மரியாத!” என்று என்னை அண்ணன் முறை வைத்துச் சொன்னார், போனைப் பார்த்தபடி. பிறகு அங்கே யானை பார்க்க நாள் முழுக்கக் காத்துக் கிடந்த கதையைச் சொல்லி, படங்களைத் தள்ளித் தள்ளிக் காட்டினார்.

திடீரென்று பஸ் நின்றது. ரோட்டுக்குக் குறுக்கே ஒரு தனியன் யானை. பஸ்ஸில் எல்லாரும் எட்டிப் பார்த்தார்கள்.

“தம்பி, யானை!” என்றேன் மெல்ல.

“ஓம் நானா, இந்தப் படம் ரெண்டாவது நாள் எடுத்தது.”

யானை எங்களை ஆறுதலாகப் பார்த்துவிட்டுக் காட்டுக்குள் இறங்கியது. அன்று சூலு முறைப்படி எனக்குச் சலாம் சொன்னது அது மட்டும்தான்.